சாய்ந்த கற்பூர மரம் வாளைக் கவ்வுவது ஏன்?

பருவமழைக் காற்றில் சாலையில் விழுந்த கற்பூர மரத்தை, அதாவது யூக்கலிப்டஸை, அறுக்கும்போது சில இடத்தில் செயின்சா பாதியில் மாட்டிக்கொள்கிறது, சில இடத்தில் வாள் பாதி தாண்டும் முன்பே மரம் படாரென்று பிளக்கிறது, ஏன் என்று கோத்தகிரி வாசகர் ஒருவர் கேட்டிருக்கிறார்.

பாதி விடை பள்ளிப் பாடத்திலேயே இருக்கிறது. வளைந்த எந்தக் கட்டையிலும் ஒரு பக்கம் நசுங்கும், மறுபக்கம் இழுபடும். இரு முனையும் மேட்டில் தங்கி நடுவில் தொங்கும் மரத்தில் மேல்பக்கம் நசுங்குகிறது. அங்கே அறுத்துக்கொண்டே போனால் வெட்டுவாய் மூடி வாளைக் கவ்வும். ஒரு முனை மட்டும் தங்கி மறுமுனை அந்தரத்தில் நீட்டிக்கொண்டிருந்தால் இழுபடுவது மேல்பக்கம். அதை முதலில் அறுத்தால் வெட்டு விரிந்து மரம் நெடுக்கில் கிழியும்.

மீதிப் பாதிதான் அழகு. நேராக நிற்கும் மரத்துக்குள்ளும் விசை பூட்டியிருக்கிறது. பட்டைக்கு அடியில் ஆண்டுதோறும் புதிய மர அடுக்கு உருவாகிறது. அதன் செல்கள் முதிர்ந்து சுவர் கெட்டிப்படும்போது நீளவாக்கில் சற்றே சுருங்கப் பார்க்கின்றன. ஆனால் ஏற்கெனவே கெட்டிப்பட்ட உள்மரத்தோடு அவை ஒட்டியிருப்பதால் சுருங்க முடிவதில்லை; இழுபட்டபடியே நிற்கின்றன. ஒவ்வொரு புதிய அடுக்கும் உள்ளேயுள்ள மரத்தை இன்னும் கொஞ்சம் நெருக்குகிறது. நன்கு பருத்த மரத்தில் வெளிப்புறம் இழுத்துக் கட்டிய கயிறு போலவும் நடுமரம் அமுக்கிய சுருள்வில் போலவும் இருக்கும்.

மரத்துக்கு இதனால் என்ன லாபம்? மரம் இழுப்பைத் தாங்கும் அளவுக்கு நசுக்கலைத் தாங்காது. காற்றில் வளையும்போது ஒரு பக்கம் நசுங்கியே ஆகவேண்டும். அந்தப் பக்கம் முன்கூட்டியே இழுபட்டிருந்தால், முதலில் அந்த இழுப்பு தளரும், அதன் பிறகுதான் நசுக்கல் தொடங்கும். ரயில் பாதையின் கான்கிரீட் ஸ்லீப்பரில் இதையே தலைகீழாகச் செய்கிறோம். கான்கிரீட் இழுப்பைத் தாங்காது என்பதால் எஃகுக் கம்பிகளை இழுத்துக் கட்டி அதை முன்கூட்டியே அமுக்கி வைக்கிறோம்.

யூக்கலிப்டஸ் இனங்களில் இந்த விசை மிக அதிகம். வெளிமரம் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுக்கு இழுபட்டிருப்பது சாதாரணம். 10 மீட்டர் மரத்துக்கு அது 1 சென்டிமீட்டர். விசைக் கணக்கில் சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 100 கிலோ. குறுக்கே அறுத்ததும் வெளிமரம் சுருங்க, நடுமரம் நீள, வெட்டுமுகத்தில் மையத்திலிருந்து நட்சத்திர விரிசல் ஓடுகிறது. தேய்பிறையில் வெட்டினால் மரம் வெடிக்காது என்ற நம்பிக்கை மலையில் இன்னும் உண்டு. பல ஆண்டுகளாக அடுக்கடுக்காகச் சேர்ந்த விசையை ஓர் இரவு நிலா தளர்த்தாது. அயல் மரங்களை அகற்ற 2022இல் தமிழ்நாடு அரசு கொள்கை வகுத்திருக்கிறது. அகற்றும் செலவில் சிறு பங்காவது நம் மலை மரங்களின் உள்விசையை அளக்கவும், அறுக்கும் தொழிலாளிக்குப் பயிற்சியும் தலைக்கவசமும் வெட்டுத்தாங்கும் கால்சட்டையும் தரவும் போகவேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இனி வேலை. கிடக்கும் மரத்தில் முதல் வெட்டு எப்போதும் நசுங்கும் பக்கத்தில், விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கு வரை. வெட்டுவாய் இறுகத் தொடங்கினால் உடனே வாளை எடுத்துவிட வேண்டும். பிறகு இழுபடும் பக்கத்திலிருந்து அதை நோக்கி அறுத்து முடிக்கலாம். நடு தொங்கும் மரத்தில் மேலே தொடங்கிக் கீழிருந்து முடிப்பது, முனை தொங்கும் மரத்தில் கீழே தொடங்கி மேலிருந்து முடிப்பது. நிற்குமிடம் சரிவின் மேட்டுப்பக்கம். வாள்தகட்டு நுனியின் மேல் கால்பாகம் எதிலும் படக்கூடாது. பட்டால் ஓடும் செயின் மரத்தில் கடித்து, தகடு முகத்தை நோக்கித் துள்ளும்.

நிற்கும் மரத்தை, உரிய அனுமதி பெற்று, சாய்க்கும்போது உயிர் காப்பது கீல், அதாவது முன்வெட்டுக்கும் பின்வெட்டுக்கும் நடுவே அறுக்காமல் விடும் மரக்கீற்று. 40 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் விழும் பக்கம் 8 முதல் 10 செ.மீ. ஆழத்துக்கு 70 பாகை ஆப்பு வடிவ வாய் எடுத்து, எதிர்ப்பக்கத்திலிருந்து வரும் பின்வெட்டை 4 செ.மீ. கீல் மிஞ்சும்போது நிறுத்த வேண்டும். கீலை முழுக்க அறுத்துவிட்டால் மரம் எந்தப் பக்கமும் போகும். மற்றவர்கள் மரத்தின் உயரத்தைப்போல் இரு மடங்கு தூரத்தில் இருக்கவேண்டும்.

முன்னோக்கிச் சாய்ந்த மரத்துக்கு இந்த முறை ஆபத்து. பின்பக்கம் ஏற்கெனவே உச்ச இழுப்பில் இருக்கும். அங்கிருந்து அறுத்து வந்தால், கீலை எட்டும் முன்பே அடிமரம் நெடுக்கில் பிளந்து, பின்பாதி அறுப்பவரின் நெஞ்சுயரத்துக்கு மேல் எகிறும். வாய் எடுத்த பிறகு, நுனியின் கீழ்ப்பகுதியால் தொடங்கி வாளைப் பக்கவாட்டில் குத்திச் செருகி, முதலில் கீலை அமைக்க வேண்டும். பிறகு பின்னோக்கி அறுத்து, கடைசியில் சில சென்டிமீட்டர் பிடிமானம் விட்டு, வாளை வெளியே எடுத்து, மரத்துக்கு நேர் பின்னால் நிற்காமல் பக்கவாட்டில் ஒதுங்கி நின்று அந்தப் பிடிமானத்தை வெளியிலிருந்து அறுக்க வேண்டும்.

வேரோடு சாய்ந்த சீகை (வாட்டில்) மரத்தில் இன்னொரு வில் உண்டு. அடிமரத்தின் பாரம்தான் மண்ணோடு பெயர்ந்த வேர்த்தட்டை நிமிர விடாமல் பிடித்திருக்கிறது. அடியை அறுத்ததும் தட்டு சடாரெனத் திரும்பிக் குழியில் விழலாம். வேருக்குப் பின்னால் யாரும் நிற்கவில்லை, குழியில் யாரும் இல்லை என்று பார்த்த பிறகே அந்த வெட்டைத் தொடங்க வேண்டும்.