அறுபதைக் கடந்தவர் கேரம் ஆடும்போது மூளையில் நிகழ்வது

கேரம் ஆட்டத்தில் 1991, 1995 ஆகிய ஆண்டுகளில் உலக வாகையராகி, அர்ஜுனா விருதும் பெற்ற மரிய இருதயம் சென்னைக்காரர். 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் மூன்று தங்கம் வென்ற காசிமா, புதுவண்ணாரப்பேட்டையில் வளர்ந்தவர். ராயபுரம், காசிமேடு, வியாசர்பாடி பகுதிகளில் கேரம் பலகை இல்லாத மன்றத்தைக் காண்பது அரிது. ஆனால் அம்மன்றங்களில் முதியவர்கள் பெரும்பாலும் இளைஞர்களின் முதுகுக்குப் பின்னால் நின்று வேடிக்கை பார்ப்பவர்களாகவே இருக்கிறார்கள். அவர்களும் அமர்ந்து ஆடவேண்டும் என்பதற்கு மருத்துவ நோக்கில் வலுவான காரணங்கள் உள்ளன.

ஓர் அடியை எடுத்துக்கொள்வோம். ஸ்ட்ரைக்கரைக் கோட்டில் வைப்பதற்குள் கண் பலகை முழுவதையும் அளந்து, எந்தக் காய் எந்தப் பாக்கெட்டுக்கு நேராக இருக்கிறது, எது கட்டையில் பட்டுத் திரும்பி வரும் என்று கணிக்கிறது. நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளைப் பகுதி இரண்டு மூன்று வழிகளை ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தி ஒப்பிடுகிறது. ரெட் எனப்படும் சிவப்புக் காயைப் பாக்கெட்டில் போட்டால், உடனே ஃபாலோவாகத் தம் காய் ஒன்றையும் போட்டாக வேண்டும், இல்லையேல் ரெட் மீண்டும் நடுவுக்குப் போய்விடும் என்பதால், கைக்கு எட்டிய காயை அடிக்கத் துடிக்கும் விரலை அடக்கிக்கொள்ளும் பயிற்சியும் இதில் அடங்குகிறது. போட்டி விதிப்படி ரெட்டுக்கு 3 புள்ளி உண்டு; ஆனால் 25 புள்ளி ஆட்டத்தில் ஒருவர் 22ஐத் தொட்டுவிட்டால் அந்த 3 புள்ளி அவருக்குக் கிடைக்காது. எனவே கணக்கையும் விடாமல் நினைவில் வைத்திருக்க வேண்டும். பிறகு விரல் சுண்டுகிறது. எதிர்பார்த்த திசைக்கும் காய் உண்மையில் போன திசைக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறுமூளை உள்வாங்கி, அடுத்த அடிக்கான விசையைத் திருத்துகிறது. இந்தச் சுழற்சி ஒரே மாலையில் பல நூறு முறை நிகழ்கிறது.

வயது ஏறும்போது எல்லாத் திறன்களும் ஒரே வேகத்தில் குறைவதில்லை. புதிய தகவலை விரைவாகக் கையாளும் வேகமும், பலவற்றை ஒரே நேரத்தில் நினைவில் நிறுத்தும் ஆற்றலும் நடுவயதிலிருந்தே தளரத் தொடங்குகின்றன; அனுபவத்தில் சேர்ந்த அறிவோ எழுபதுகளிலும் பெரிதும் நிலைத்திருக்கிறது. கேரம் தளரும் திறன்களுக்கு வேலை கொடுக்கிறது, நிலைத்திருக்கும் அறிவுக்கு மதிப்பும் தருகிறது. ஓடவோ எடை தூக்கவோ தேவையில்லாததால், துறைமுகத்தில் மூட்டை சுமந்து முதுகு தேய்ந்தவரும் தம் பேரனோடு சமமாக ஆட முடியும். முதுமையில் இளையோரோடு சமமாகப் பொருதும் வாய்ப்பு வேறு எத்தனை இடங்களில் கிடைக்கிறது?

1988இல் அமெரிக்க நரம்பியல் மருத்துவர் ராபர்ட் கட்ஸ்மனும் அவருடைய குழுவினரும் முதியோர் பராமரிப்பு இல்லங்களில் இறந்தவர்களின் மூளைகளை ஆராய்ந்தபோது, அல்சைமர் நோயின் படிவுகள் இருந்தும் வாழ்ந்த காலத்தில் மறதி நோயின் அறிகுறி காட்டாத சிலரைக் கண்டனர். இத்தகைய கண்டறிதல்களிலிருந்து அறிவாற்றல் இருப்பு என்ற கருத்து உருவானது. திருவொற்றியூர் நெடுஞ்சாலை அடைபட்டாலும் சந்துகளை அறிந்த ஆட்டோ ஓட்டுநர் சேரவேண்டிய இடத்துக்குச் சேர்ந்துவிடுவதைப் போல, பல வழிகளில் பழகிய மூளை ஒரு பகுதி பழுதானாலும் சில காலம் ஈடுகொடுக்கிறது. கல்வி, சிந்தனை தேவைப்படும் தொழில், விளையாட்டு ஆகியவை இந்த இருப்பைக் கூட்டுவதாகக் கருதப்படுகிறது.

ஆய்வுச் சான்றுகளைக் கவனமாகப் படிக்கவேண்டும். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் 75 வயதைக் கடந்த 469 பேரைப் பின்தொடர்ந்து 2003இல் வெளியான ஆய்வில், பலகை விளையாட்டுகள் ஆடியவர்களிடம் மறதி நோய் குறைவாகவே தோன்றியது. பிரான்ஸின் போர்தோ வட்டாரத்தில் 3,675 பேரை 20 ஆண்டுகள் கவனித்த ஆய்வு, ஆடுவோரிடம் அந்த அபாயம் 15 விழுக்காடு குறைவு என்று 2013இல் கூறியது. ஆனால் தொடக்கத்தில் இருந்த அறிவாற்றலையும் மனச்சோர்வையும் கணக்கில் சேர்த்தபோது அந்த வேறுபாடு புள்ளியியல் அளவில் நிலைக்கவில்லை. மூளை நலமாக இருப்பவர்களே ஆட வருகிறார்களா, ஆடுவதால் மூளை நலமடைகிறதா என்ற ஐயம் இங்கேதான் எழுகிறது. இதை ஓரளவு தீர்த்தது எடின்பரோ ஆய்வு. 1936இல் பிறந்து, 1947இல் 11 வயதில் அறிவுத்திறன் தேர்வு எழுதிய ஸ்காட்லாந்துக்காரர்கள் 1,091 பேரை எழுபது வயதிலிருந்து மீண்டும் மீண்டும் சோதித்தார்கள். சிறுவயதுத் திறனைக் கழித்துப் பார்த்த பிறகும், சீட்டு, சதுரங்கம் போன்றவற்றை அடிக்கடி ஆடியவர்களின் நிலை மேலாக இருந்தது. எழுபதுக்குப் பிறகு ஆட்டத்தைக் கூட்டிக்கொண்டவர்களிடம் சில சிந்தனைத் திறன்களின் சரிவு குறைவாக இருந்தது. இது முடிந்த முடிவன்று என்றாலும், தாமதமாகத் தொடங்குவதிலும் பயன் இருக்கக்கூடும் என்ற நம்பிக்கையைத் தருவதால் இந்த ஆய்வையே நான் பெரிதாக மதிக்கிறேன்.

கைபேசியில் மூளைப் பயிற்சிச் செயலியை ஓட்டினால் போதும் என்ற விளம்பரத்தை நம்பவேண்டாம். அத்தகைய பயிற்சிகள் பெரும்பாலும் பயின்ற அதே பணியில் மட்டுமே தேர்ச்சி தருகின்றன. அன்றாட வாழ்வுக்கு அத்தேர்ச்சி பரவுவதற்கான சான்று மெலிந்தது. பலகைக்கு எதிரே மனிதர் இருப்பது வேறு விதமான பயன். தனிமையும் மனச்சோர்வும் மறதி நோயின் அபாயக் காரணிகள் என்று லான்செட் மருத்துவ இதழின் நிபுணர் குழு 2024இல் வெளியிட்ட 14 காரணிகளின் பட்டியலில் உள்ளன. மாலை ஐந்து மணிக்குத் தமக்காக ஒருவர் காத்திருக்கிறார் என்பதே சட்டையை மாற்றிக்கொண்டு தெருவில் இறங்கக் காரணமாகிறது. அதே பட்டியலில் காது கேளாமையும் இருப்பதை எண்ணும்போது, கேரத்தின் இன்னொரு நன்மை புலப்படும்: காது மந்தமானவர் கூட்டத்தில் பேச்சைத் தொடர முடியாமல் ஒதுங்கிவிடுவார், ஆனால் பலகையில் எவர் துணையுமின்றி எல்லாவற்றையும் பின்தொடர முடியும்.

வீட்டுப் பெண்களுக்கு மன்றத்தின் கதவு எளிதில் திறப்பதில்லை என்பது எனக்கு வருத்தம் தரும் உண்மை. தாயமும் பல்லாங்குழியும் அவர்கள் கையில் இருந்த ஆட்டங்கள். பல்லாங்குழியில் எந்தக் குழியிலிருந்து எடுத்தால் கடைசி முத்து எங்கே விழும் என்று முன்கூட்டியே எண்ணுவது கேரத்தின் கணிப்புக்கு எவ்வகையிலும் குறைந்ததன்று. மதியம் வேலை ஓய்ந்த நேரத்தில் பக்கத்து வீட்டு அக்காவை அழைத்து ஆடுவதற்குச் செலவு ஏதுமில்லை.

ஆட்டம் நடைப்பயிற்சிக்கு ஈடாகாது; ஒவ்வொரு போர்டும், அதாவது ஒரு சுற்று ஆட்டம், முடிந்ததும் எழுந்து நடந்துவிட்டு அமர்வது முழங்காலுக்கும் இரத்த ஓட்டத்துக்கும் நல்லது. விளக்கு பலகைக்கு மேலே, கண்ணில் படாதவாறு தொங்கவேண்டும். கண்புரை உள்ளவர்களுக்கு ஒளிபட்டால் கண்கூச்சம் மிகுதி. பணம் வைத்து ஆடும் சீட்டிலிருந்து விலகியிருப்பது அவசியம், ஏனெனில் நெருங்கிய நட்பும் ஓய்வூதியமும் ஒரே இரவில் கரைந்துவிடக்கூடும்.