திறந்து பார்க்காமலே சொல்லப்படும் பழுது

அமெரிக்காவில் ஆபீஸ் டிப்போ என்றொரு பெரிய கடைத் தொடர் உண்டு. அங்கே வாடிக்கையாளர்களின் கணினியைச் சோதித்துப் பார்க்க ஒரு மென்பொருள் வைத்திருந்தார்கள். சோதனைக்கு முன் நான்கு கேள்விகள். கணினி மெதுவாகிவிட்டதா? வைரஸ் எச்சரிக்கை வந்ததா? அடிக்கடி நின்றுபோகிறதா? விளம்பரங்கள் குறுக்கிட்டு இணையம் பார்க்க முடியவில்லையா? ஏதாவது ஒன்றுக்கு 'ஆம்' என்று குறித்தால் போதும். மென்பொருள் சற்று நேரம் எதையோ தேடுவதுபோல் ஓடிவிட்டு, வைரஸ் போன்ற தீய நிரலின் அறிகுறி இருப்பதாக அறிவித்துவிடும். தேடியதற்கும் சொன்னதற்கும் சம்பந்தமே இல்லை. அதைச் 'சரிசெய்ய' 300 டாலர் வரை கட்டணம். 2016இல் சியாட்டிலைச் சேர்ந்த தொலைக்காட்சி நிலையம் ஒன்று, பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்த புதுக் கணினிகளைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது குட்டு வெளிப்பட்டது. அந்நாட்டு வர்த்தக ஆணையத்தின் நடவடிக்கையால் 2019 மார்ச்சில் ஆபீஸ் டிப்போ 2.5 கோடி டாலரும், மென்பொருளைத் தந்த நிறுவனம் ஒரு கோடி டாலரும் கட்ட ஒப்புக்கொண்டன.

எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு இது பெரிய ஆச்சரியமில்லை. நான் மடிக்கணினிகளைச் சிப் லெவலில், அதாவது போர்டையே மாற்றாமல் அதிலுள்ள கெட்ட சிறு பாகத்தை மட்டும் மாற்றி, பழுதுபார்க்கும் சிறிய கடைக்காரன். பெரிய கடைகள்மேல் எனக்கு வயிற்றெரிச்சல் என்று நீங்கள் நினைக்கலாம். கொஞ்சம் இருக்கத்தான் இருக்கிறது. ஆனால் அங்கிருந்து என் மேசைக்கு வரும் கணினிகள் சொல்லும் கதை வேறு.

பெரிய கடையின் கவுன்டரில் நிற்கும் இளைஞர் பெரும்பாலும் பழுதுபார்ப்பவர் அல்லர். நீங்கள் சொல்வதை ஜாப் ஷீட்டில், அதாவது பழுது விவரச் சீட்டில், எழுதிக்கொள்பவர். பல இடங்களில் நீட்டித்த வாரண்டி, ஆன்டிவைரஸ் ஆகியவற்றை மாதம் இத்தனை விற்க வேண்டும் என்ற இலக்கும் அவர் தலையில்தான். உங்கள் கணினி அங்கிருந்து வேறொரு சர்வீஸ் மையத்துக்குப் போகும். அங்கே நடப்பது அனேகமாகப் பாகத்தை மாற்றும் வேலை. எந்தப் பாகம் ஏன் கெட்டது என்று தேட நேரமும் ஆளும் ஒதுக்குவதில்லை.

கணினி உயிரே இல்லாமல் கிடக்கிறது என்று வையுங்கள். 'மதர்போர்டு போய்விட்டது' என்று பதில் வரும். அதற்குச் சொல்லும் விலையைக் கேட்டால் புதிதாகவே ஒன்று வாங்கிவிடலாம் என்று தோன்றும். பக்கத்திலேயே எக்ஸ்சேஞ்ச் சலுகைப் பலகையும் இருக்கும். அதே போர்டை மேசையில் வைத்து, சார்ஜரிலிருந்து மின்சாரம் வரும் 19 வோல்ட் லைனை மல்டிமீட்டரால் அளந்தால், மின்சாரத்தைச் சீராக்கும் எள்ளளவு கெபாசிட்டர் ஒன்று ஷார்ட் ஆகியிருப்பது பல தடவை தெரியவரும். அதன் விலை சில ரூபாய். கூலி கண்டுபிடிப்பதற்குத்தான். தண்ணீர் புகுந்தோ, பிராசஸரே ஷார்ட் ஆகியோ, போர்டு மீட்க முடியாமல் போவதும் உண்டு. அதை அளந்து பார்த்தவர் சொன்னால் நானும் ஏற்றுக்கொள்வேன்.

எனக்கு இதைவிடக் கோபம் வருவது 'மெதுவாக இருக்கிறது' என்ற புகாருக்குக் கிடைக்கும் வைத்தியத்தில்தான். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் நிமிடத்துக்கு 5400 சுற்று சுழலும் ஹார்டு டிஸ்க் இருக்கும். கணினியில் எது எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்தால், டிஸ்க்கின் பயன்பாடு 100 சதவீதத்தில் நிற்கும். அதற்குப் பதிலாகச் சுழலும் பாகமே இல்லாத, வேகமான எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பொருத்தினால் தீர்ந்தது. கவுன்டரிலோ ஆன்டிவைரஸை விற்பார்கள், அல்லது டிஸ்க்கில் இருப்பதை அழித்து பார்மட் செய்துவிடுவார்கள். டிஸ்க்கே செத்துக்கொண்டிருப்பதால் கணினி மெதுவாகியிருந்தால்? டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே பதிவு செய்து வைத்திருக்கும். 'ஸ்மார்ட்' விவரம் என்பார்கள். அதைப் படிக்கும் இலவச மென்பொருள்கள் இருக்கின்றன, ஓரிரு நிமிட வேலை. அதைப் பார்க்காமல் பார்மட் செய்து விண்டோஸைத் திரும்ப ஏற்றுகிறவர், மிச்சமிருந்த புகைப்படங்களின் மேலேயே எழுதிவிடுகிறார். பிறகு அந்த டிஸ்க் என்னிடம் வருகிறது. பாதி நேரம் என்னால் ஒன்றும் செய்ய முடிவதில்லை. ஜாப் ஷீட்டின் பின்புறம் பொடி எழுத்தில் 'தரவுக்கு நாங்கள் பொறுப்பல்ல' என்று இருக்கும். அதற்குக் கீழே உங்கள் கையெழுத்தும் இருக்கும்.

இன்றைய விண்டோஸ் 11 கணினிகளில் இன்னொரு சிக்கல். டிஸ்க் தானாகவே பிட்லாக்கரால், அதாவது தரவைக் குறியாக்கிப் பூட்டும் விண்டோஸ் வசதியால், பூட்டப்பட்டிருக்கலாம். மதர்போர்டை மாற்றினால் அந்தப் பூட்டு 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். அது பெரும்பாலும் உங்கள் மைக்ரோசாப்ட் கணக்கில் பதிவாகியிருக்கும். கணினியைக் கொடுப்பதற்கு முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது இல்லாவிட்டால் உள்ளே இருப்பதை யாராலும் எடுக்க முடியாது, என்னையும் சேர்த்துத்தான்.

கடவுச்சொல்லைக் கேட்டால் உடனே எழுதிக் கொடுத்துவிடாதீர்கள். கனடாவின் குவெல்ப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒலி வராதபடி செய்த மடிக்கணினிகளை ஒன்டாரியோவில் 16 கடைகளில் கொடுத்துப் பார்த்தார்கள். பெரிய தொடர்களும் சிறு கடைகளும் அதில் அடக்கம். என்ன நடந்தது என்ற பதிவு 12 கணினிகளிலிருந்து கிடைத்தது. ஆறில் பழுதுபார்த்தவர்கள் சொந்தக் கோப்புகளைத் துழாவியிருந்தார்கள்; இரண்டில் வெளியே நகலும் எடுத்திருந்தார்கள். 2022இல் வெளியான ஆய்வு இது. பேட்டரி, கீபோர்டு, திரை மாற்றுவதற்குக் கடவுச்சொல் எதற்கு? வேறு வேலைக்குத் தேவைப்பட்டால் தனியாக ஒரு கணக்கு உருவாக்கிக் கொடுங்கள். சாதாரணக் கணக்கு போதும், நிர்வாகி உரிமை வேண்டாம்.

வாரண்டி இருக்கும்வரை கம்பெனியின் அங்கீகரிக்கப்பட்ட மையத்துக்கே போங்கள், என்னிடம் வராதீர்கள். வாரண்டி முடிந்த பிறகு எந்தக் கடையானாலும், எந்த லைனில் என்ன அளந்தார்கள், எந்தப் பாகம் கெட்டது என்று எழுதித் தரக் கேளுங்கள். ரேம், எஸ்.எஸ்.டி. ஆகியவற்றின் ஸ்டிக்கரைப் போட்டோ எடுத்துக்கொண்டு கொடுங்கள். பழைய பாகம் திரும்ப வருமா என்பதையும் கொடுக்கும்போதே பேசி ஜாப் ஷீட்டில் எழுதி வாங்குங்கள். ரசீதும் ஜாப் ஷீட் நகலும் கையில் இருந்தால், தகராறு வரும்போது தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுக்கலாம்.