25 தடவை கருப்பு விழுந்தாச்சு, அடுத்தது சிவப்புதானா?

1913 ஆகஸ்ட் 18, மான்டி கார்லோ கேசினோ. ஒரு ரூலெட் டேபிள்ல (சுத்துற வீல்ல பந்து எந்த நிறக் குழில விழும்னு பணம் கட்டுற சூதாட்டம்) பந்து கருப்புலயே விழுந்துட்டு இருக்கு, தகவல் பரவி கூட்டம் கூடிருச்சு, இனிமே சிவப்பு வந்தே தீரணும்னு ஆளாளுக்கு சிவப்பு மேல பணத்தை கொட்டுறாங்க, ஆனா கருப்பு விடல, தொடர்ந்து 26 தடவை. கேசினோவுக்கு செம கலெக்‌ஷன்.

ஐரோப்பிய ரூலெட்ல 37 குழி: 18 கருப்பு, 18 சிவப்பு, ஒரு பச்சை சைபர். ஒவ்வொரு சுத்துலயும் கருப்புக்கு 18/37, அதாவது 48.6% சான்ஸ். வரிசையா 26 கருப்புங்கறது ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி பார்த்தா கிட்டத்தட்ட 14 கோடில ஒன்னு மாதிரி அபூர்வம்தான், ஆனா 25 விழுந்து முடிஞ்சப்புறம் மிச்சம் ஒரே சுத்து, அதுக்கும் அதே 48.6தான்.

இதை டேவிட் லூயிஸ்னு ஒரு அமெரிக்க தத்துவ அறிஞர் 1980ல ஒரு விதியாவே எழுதினார், பேரு பிரின்சிபல் பிரின்சிபிள். ஒரு விஷயம் நடக்க உண்மையான சான்ஸ் எவ்வளவுன்னு உனக்கு தெரிஞ்சா, அது நடக்கும்னு நீ நம்ப வேண்டியதும் அதே அளவுதான், பழைய ரெக்கார்டு, ராசி எதுவும் அதை அசைக்கக்கூடாது. கேட்டா சப்புன்னு இருக்கும், இதுல என்ன இருக்குன்னு தோணும்.

சிக்கல் "தெரிஞ்சா"ங்கற இடத்துலதான் இருக்கு. தெரியலன்னா பழைய ரெக்கார்டுக்கு மதிப்பு உண்டு. பையில ரெண்டு காசு, ஒன்னு ஒழுங்கானது, இன்னொன்னுல ரெண்டு பக்கமும் தலை. பார்க்காம ஒன்னு எடுத்து சுண்டினா தலை விழ 75% நம்பலாம் (50, 100 ரெண்டுக்கும் சராசரி). தலை விழுந்துச்சா, கள்ளக்காசா இருக்கும்ங்கற சந்தேகம் மூணுல ரெண்டு பங்கா ஏறிடும், அடுத்ததும் தலைங்கற நம்பிக்கை 83%. இப்போ மான்டி கார்லோவை யோசிங்க: வீல் மேல சந்தேகம் இருந்திருந்தா கருப்பு மேலதான் கட்டியிருக்கணும், சந்தேகமே இல்லன்னா ரெண்டும் ஒன்னுதான். சிவப்புக்கு ஓடறதுக்கு எந்த கணக்குலயும் நியாயம் இல்ல.

லூயிஸ் ஒரு விலக்கும் வச்சிருந்தார். முடிவைப் பத்தியே நேரா ஒரு தகவல் கிடைச்சா விதி செல்லாது. காசை சுண்டி கையால மூடியாச்சு, பக்கத்துல இருந்தவன் எட்டிப் பார்த்துட்டு தலைன்னு சொல்லிட்டான்னா, அதுக்கப்புறமும் 50%ன்னு உட்கார்ந்திருக்கறது முட்டாள்தனம்.

சரி, எட்டிப் பார்க்கவே முடியாத சான்ஸ் இருக்கா? இருக்கு, கதிரியக்கம். அயோடின்-131ங்கற கதிரியக்க அயோடினோட அரை ஆயுள் (பாதி அணுக்கள் சிதைய ஆகற நேரம்) சுமார் 8 நாள். ஒரு அணு அடுத்த 8 நாள்ல சிதையுமாங்கறதுக்கு சரிபாதி சான்ஸ், 80 நாள் தாக்குப்பிடிச்ச அணுவுக்கும் அதே பாதிதான், அதுக்கு வயசே ஆகாது. எந்த அணு எப்போ போகும்னு முன்கூட்டியே காட்டுற அடையாளம் எதுவும் குவான்டம் இயற்பியல்ல கிடையாது. தனி அணு இப்படி, ஆனா கோடிக்கணக்குல சேர்ந்தா கணக்கு பிசகாது, 80 நாள்ல ஆயிரத்துல ஒரு பங்குதான் மிஞ்சும், தைராய்டு சிகிச்சையில மிஞ்சற அயோடின் கழிவை ஆஸ்பத்திரில பூட்டி வச்சு, நாள் கணக்கு பார்த்து அப்புறமா வெளியேத்துறது இதை நம்பித்தான்.