ஒரே சேற்றுப் படிவில் 13,000 எலும்புகள்

அமெரிக்காவின் வயோமிங் மாநிலத்தில், கிழக்குப் பக்கமாக, ஹேன்சன் ராஞ்ச் என்றொரு கால்நடைப் பண்ணை இருக்கிறது. டெக்சஸைச் சேர்ந்த சவுத்வெஸ்டர்ன் அட்வென்டிஸ்ட் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளர்களும் மாணவர்களும் கோடைக்காலத்தில் அங்கே போய் டைனோசர் எலும்பு தோண்டுகிறார்கள். 20 ஆண்டுகளுக்கு மேலாக நடக்கும் வேலை இது. முன்னின்று நடத்தியவர்களில் முக்கியமானவர் ஆர்தர் சாட்விக். 2020இல் பிளாஸ் ஒன் ஆய்விதழில் இந்தக் குழு வெளியிட்ட கட்டுரை, 13,000க்கும் அதிகமான எலும்புகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது. பெரும்பாலானவை எட்மண்டோசாரஸ் உடையவை. வாத்தின் அலகு போல முகம் நீண்ட, செடிகொடி தின்னும் பெரிய விலங்கு அது.

எலும்பை வெளியே எடுப்பது எளிது. எடுத்துவிட்டால் அது எப்படிக் கிடந்தது என்ற சேதி போய்விடும், அதுதான் சிக்கல். அதனால் சிறு கருவிகளாலும் தூரிகையாலும் மண்ணை மெல்ல விலக்கி, எலும்பு முழுதாகத் தெரிந்ததும் எண் கொடுத்துப் படம் எடுக்கிறார்கள். அப்புறம் துல்லியமான ஜிபிஎஸ் கருவியால் அதன் இடத்தையும் ஆழத்தையும் பதிகிறார்கள். எல்லா அளவீடுகளையும் கணினியில் சேர்த்தால், எலும்புகள் மண்ணுக்குள் கிடந்த நிலை முப்பரிமாணத்தில் அப்படியே திரும்பக் கிடைக்கும். என்னைக் கேட்டால், எலும்புகளைவிட இந்தப் பதிவுதான் பெரிய செல்வம்.

அதில் என்ன தெரிந்தது? எலும்புகள் கிடக்கும் படிவு ஒன்று முதல் இரண்டு மீட்டர் தடிமன். மிக நுண்ணிய களிமண்ணும் வண்டலும்தான். பெரிய எலும்புகள் அடியிலும், சிறியவை மேலே போகப் போகவும் கிடக்கின்றன. ஒரு பாட்டில் தண்ணீரில் கூழாங்கல்லும் மணலும் போட்டுக் குலுக்கி வைத்தால், கல் முதலில் அடியில் போய் உட்காரும், மணல் பிறகு படியும் இல்லையா? அதே வரிசை. ஆண்டுக்கணக்கில் ஒவ்வொன்றாகச் செத்து விழுந்த விலங்குகள் என்றால் இப்படி வரிசை அமையாது. எலும்புகளைச் சேறு மொத்தமாக அடித்துக்கொண்டு வந்து, வேகம் குறைந்ததும் ஒரே தடவையில் இறக்கிவிட்டிருக்க வேண்டும்.

வெயிலில் பல ஆண்டுகள் கிடக்கும் எலும்பு வெடித்து உரியும். ஆற்றில் வெகுதூரம் உருண்டால் முனை மழுங்கும். இங்கே அந்த அடையாளங்கள் மிகக் குறைவு. ஆனாலும் எலும்புகள் மூட்டு மூட்டாகப் பிரிந்து கிடக்கின்றன. ஆக, விலங்குகள் செத்து, சதையும் தசைநாரும் அழுகிக் கழலும் அளவுக்குக் காலம் போயிருக்கிறது, எலும்பு கெடும் அளவுக்குப் போகவில்லை. அதற்குப் பிறகுதான் சேறு வந்திருக்கிறது.

சரி, இந்தப் பல்கலைக்கழகம் ஏழாம் நாள் அட்வென்டிஸ்ட் சபையுடையது. உயிர்கள் ஆறு நாளில், அதுவும் அண்மைக் காலத்தில் படைக்கப்பட்டன என்பது சபையின் நம்பிக்கை. எலும்புகள் இருக்கும் லான்ஸ் பாறை அடுக்கோ டைனோசர் காலத்தின் கடைசிக் கட்டத்தைச் சேர்ந்தது. அந்தக் காலம் முடிந்து 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன என்பது எரிமலைச் சாம்பலிலுள்ள கதிரியக்கத் தனிமங்களை அளந்து கண்டது. வயது விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை. சபையின் கணக்கு பாறையோடு பொருந்தாது. அதே நேரம், ஒரு தொடையெலும்பு எந்த ஆழத்தில் கிடந்தது என்ற அளவீடு, எடுத்தவரின் நம்பிக்கையைப் பொறுத்து மாறாது. பிளாஸ் ஒன் கட்டுரையை யார் வேண்டுமானாலும் காசில்லாமல் படித்துச் சோதிக்கலாம். இவ்வளவு பொறுமையாகச் சேர்த்த பதிவை, சேர்த்தவர்களின் மதத்தைக் காட்டி ஒதுக்குவது அறிவியலுக்குத்தான் நஷ்டம்.

அந்தப் பதிவிலேயே சுவையான ஒரு புதிர் இருக்கிறது. கீழ்த்தாடை, தோள்பட்டை, விலா, கை கால் எலும்புகள் ஏராளமாகக் கிடைக்கின்றன. முதுகெலும்புத் துண்டுகள் அரிது. ஓர் உடலில் எண்ணிக்கையில் அதிகம் இருப்பவற்றில் ஒன்று அது! எட்மண்டோசாரஸின் முதுகை ஒட்டிய தசைநார்கள் எலும்பாகவே இறுகியிருந்தன. அவை முதுகுத்தண்டைக் கட்டிப் பிடித்திருக்கும். கை கால் கழன்ற பிறகும் தண்டு ஒரே நீளத் துண்டாக நின்றிருந்தால், உதிரி எலும்புகளை இழுத்துப்போன சேறு அதை அதே இடத்துக்குக் கொண்டுவந்து போட்டிருக்காது.