லேப்டாப் ஏன் சந்தைக்குப் போகிறது?

பத்துப் பன்னிரண்டு ஆண்டு பழைய லேப்டாப்பின் ஓரத்தில் பெரும்பாலும் ஒரு குட்டி விளக்கு இருக்கும். ஹார்டு டிஸ்க் வேலை செய்யும்போது அது மினுக்கும். விண்டோஸ் 10 போன்ற புதிய இயங்குதளத்தை ஏற்றிய பிறகு அது மினுக்குவதில்லை, அணையாமல் எரிகிறது. உள்ளே எலி கொறிப்பதுபோல் ஒரு சத்தம். ஆன் செய்துவிட்டுப் போய் அரிசி களைந்து உலையில் போட்டுவிட்டு வந்தாலும் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கிறது. பழைய விண்டோஸையே திரும்ப ஏற்றிவிடலாமா என்று தோன்றும். அதற்கு முன், வேகம் எங்கே போனது என்று பார்ப்போம்.

கணக்குப் போடும் சில்லான பிராசசர் கிழடாகிவிட்டது என்று பலர் சொல்வார்கள். தூசி அடைத்துச் சூடேறினால் ஒழிய, வயதால் பிராசசரின் வேகம் குறைவதில்லை. எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பாருங்கள். பிராசசர் பாதி நேரம் சும்மா இருக்கும். டிஸ்க்கின் கட்டம் மட்டும் 100 சதவீதத்தைத் தொட்டுக்கொண்டு நிற்கும்.

பிராசசர் கை நீட்டி எடுப்பது ரேம் என்ற தற்காலிக நினைவகத்திலிருந்து. அதற்கு ஏறத்தாழ 100 நானோவினாடி ஆகும் (ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்கு ஒரு நானோவினாடி; ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்லிவினாடி). ரேமில் இடம் போதாவிட்டால், உடனே தேவைப்படாதவற்றை 4 கிலோபைட் 'பக்கங்களாக' டிஸ்க்கில் இறக்கிவைத்துப் பிறகு ஏற்றிக்கொள்கிறது இயங்குதளம். 1962-இல் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தின் அட்லஸ் கணினி செய்து காட்டிய உத்திதான் இது. அதில் டிஸ்க்கின் இடத்தில் சுழலும் காந்த உருளை இருந்தது.

சிக்கல் அந்தச் சுழற்சியில் இருக்கிறது. பழைய லேப்டாப்களின் டிஸ்க் பெரும்பாலும் நிமிடத்துக்கு 5,400 முறை சுற்றும்; அதாவது ஒரு சுற்றுக்கு 11 மில்லிவினாடி. படிக்கும் முனை சரியான தடத்துக்கு நகர 12 மில்லிவினாடி போல ஆகும். பிறகு வேண்டிய இடம் முனைக்கு அடியில் வரும்வரை சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும். ஆக, ஒரு பக்கத்தை எடுக்க 17 மில்லிவினாடிக்கு மேல். ரேமிலிருந்து எடுப்பதை அஞ்சறைப்பெட்டியிலிருந்து கடுகை எடுக்கும் ஒரு வினாடி வேலை என்று வைத்துக்கொண்டால், டிஸ்க்கிலிருந்து எடுப்பது வெளியூர்ச் சந்தைக்குப் போய்க் கடுகு வாங்கி வருவது: சுமார் இரண்டு நாள். மிகைப்படுத்தவில்லை, கணக்குப் போட்டே சொல்கிறேன்.

ஆயிரம் முறை கடுகு எடுப்பதில் ஒரே ஒரு முறை சந்தைக்குப் போக நேர்ந்தாலும் சராசரி நேரம் 170 மடங்குக்கு மேல் ஏறிவிடும். ரேம் கொஞ்சம் குறைந்தால் வேகமும் கொஞ்சம்தான் குறையும் என்று நினைக்கிறோம். அது சரிவு அல்ல, கிணறு. ஒவ்வொரு நிரலுக்கும் அந்தந்த நேரத்தில் கைவசம் இருந்தே ஆகவேண்டிய பக்கங்கள் இத்தனை என்று உண்டு. எல்லா நிரல்களுக்குமான அந்தப் பக்கங்கள் ரேமுக்குள் அடங்காவிட்டால், ஏற்றுவதும் இறக்குவதும் மட்டுமே நடக்கும், வேலை நடக்காது. 1968-இல் கணினி அறிஞர் பீட்டர் டென்னிங் இதை விளக்கினார். இந்த நிலைக்கு 'த்ராஷிங்' என்று பெயர்.

இனி, பழைய விண்டோஸுக்குத் திரும்புவது. 2009-இல் வந்த விண்டோஸ் 7 கேட்ட குறைந்தபட்ச ரேம் அதன் 32 பிட் வகைக்கு 1 ஜிபி, 64 பிட் வகைக்கு 2 ஜிபி. 2015-இல் வந்த விண்டோஸ் 10 கேட்டதும் அதே அளவுதான்! காகிதத்தில் வித்தியாசமே இல்லை. ஆனால் குறைந்தபட்சம் என்பது உயிரைப் பிடித்துவைக்கும் கஞ்சி. அதைக் குடித்துவிட்டு ஏர் பூட்ட முடியாது. வைரஸ் தேடல், அப்டேட், கோப்புகளை அட்டவணையிடுதல் என்று புதியதில் பின்னணி வேலைகள் அதிகம். எல்லாம் சேர்ந்து ஒற்றை முனையை ஆளுக்கொரு பக்கம் இழுக்கின்றன. பக்கங்களைச் சுருக்கி ரேமிலேயே வைத்துக்கொள்ளும் நல்ல உத்தி விண்டோஸ் 10-இல் உண்டுதான்; 2 ஜிபியில் அது எத்தனை தூரம் தாங்கும்? பழையதை ஏற்றினால் கூட்டம் குறைகிறது. சந்தைக்குப் போகும் தேவையும் குறைகிறது. விளக்கு மறுபடி மினுக்கத் தொடங்குகிறது.

இந்தச் சுகம் பிரவுசரைத் திறக்கும்வரைதான். இன்றைய வலைப்பக்கத்தின் எடை எந்த இயங்குதளத்திலும் ஒன்றுதான்; நாலைந்து டேபுகளைத் திறந்தால் மறுபடி சந்தைப் பயணம். போதாக்குறைக்கு, விண்டோஸ் 7-இல் ஓடும் கடைசி குரோம் 2023 ஜனவரியில் வந்த 109-ஆம் பதிப்பு. விண்டோஸ் 7-க்குப் பொதுப் பயனர்களுக்கான பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14-உடன் நின்றுவிட்டன. அதைவிடச் சங்கடமான செய்தி ஒன்று உண்டு. புதிய விண்டோஸில் பழைய நிரல்வரிகள் ஏராளம். புதியதில் ஓர் ஓட்டையை அடைத்தால், அந்த அடைப்பை ஆராய்ந்தே பழையதில் ஓட்டை எங்கே என்று கண்டுபிடித்துவிடலாம். அங்கே அடைக்க ஆளில்லை.

எனவே பழையதை ஏற்ற ஃபார்மட் செய்யக் கொடுப்பதற்கு முன், ஹார்டு டிஸ்க்குக்குப் பதிலாகச் சில்லுகளில் தகவலை வைக்கும் எஸ்.எஸ்.டி.-யை மாட்டச் சொல்லுங்கள் சர்வீஸ் கடையில் என்பேன். அதில் சுழல்வதும் இல்லை, நகர்வதும் இல்லை. ஒரு பக்கத்தை எடுக்க 0.1 மில்லிவினாடி அளவே ஆகும். நம் கடுகுக் கணக்கில், இரண்டு நாள் சந்தை பதினேழு நிமிடத்தில் போய்வரும் தெருமுனைக் கடையாகிவிடும். பழைய லேப்டாப்களில் பெரும்பாலும் இருக்கும் இரண்டரை அங்குல டிஸ்க்கின் அதே அளவில், அதே பொருத்தியுடன் கிடைக்கிறது. நாலைந்து திருகாணிகளைக் கழற்றி மாட்டும் வேலை.

ஒரே ஒரு வீட்டில் மட்டும் பழையதற்குத் திரும்பியதை நான் குறை சொல்லவில்லை. அங்கே ஒரு பழைய ஸ்கேனர் இருந்தது. அதை இயக்கும் நிரலான டிரைவர் 32 பிட்டில் மட்டுமே உண்டு, 64 பிட் விண்டோஸ் அதை ஏற்காது; அவர்களின் பழைய விண்டோஸ் 32 பிட். பெட்டி நிறையக் குடும்பப் படங்கள் காத்திருந்தன. வைஃபையை அணைத்துவிட்டு உட்கார்ந்து ஸ்கேன் செய்துகொண்டிருந்தார்கள்.