ரெப்ளிகா இருக்கிறதே, பேக்கப் எதற்கு?

தரவுத்தளத்தின் மாற்றங்களை உடனுக்குடன் வாங்கித் தன்னிடமும் செய்துகொள்ளும் இன்னொரு சர்வர்தான் ரெப்ளிகா. அது இருக்கும்போது தனியே பேக்கப் எதற்கு என்று கேட்பவர்கள் உண்டு. பதிலுக்கு, மாற்றம் எப்படிப் பதிவாகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். தரவுத்தளத்தில் ஒரு பதிவை மாற்றி, அதை உறுதிசெய்யும் ‘கமிட்’ கட்டளை கொடுக்கிறோம். சரி என்று பதில் வருகிறது. அந்த நொடியில் மாற்றம் அட்டவணைக் கோப்பில் ஏறிவிட்டதா என்றால், அநேகமாக இல்லை. போஸ்ட்கிரஸ் என்ற தரவுத்தள மென்பொருள் தன் அட்டவணைகளை 8 கேபி பக்கங்களாக வைத்திருக்கிறது. திருத்தம் நடப்பது மெமரியில் இருக்கும் பக்கத்தில். வட்டுக்கு உடனே போவது, எந்தப் பக்கத்தில் என்ன மாறியது என்கிற சிறு குறிப்பு மட்டும். கடைக்கணக்கு எழுதியவர்களுக்குப் பழகிய முறைதான் இது. எந்த வரவு செலவும் முதலில் குறிப்பேட்டில் ஏறும், பிறகுதான் பேரேட்டுக்குப் போகும். தரவுத்தளத்தின் குறிப்பேட்டை டபிள்யூஏஎல் (WAL, ‘முன்கூட்டியே எழுதும் குறிப்பேடு’) என்பார்கள்.

சிதறிக் கிடக்கும் பக்கங்களைத் தேடித் தேடி எழுதுவதைவிட, ஒரே கோப்பின் கடைசியில் எழுதிக்கொண்டே போவது வேகமான வேலை. கரண்ட் போய் சர்வர் படுத்துவிட்டாலும், மறுபடி எழும்போது கடைசி செக்பாயிண்டிலிருந்து குறிப்புகளை வரிசையாகப் படித்து மாற்றங்களைத் திரும்பச் செய்துகொள்ளும். (திருத்திய பக்கங்களையெல்லாம் கோப்பில் இறக்கி வைக்கும் வேளைதான் செக்பாயிண்ட். அமைப்பை மாற்றாமல் விட்டால் 5 நிமிடத்துக்கு ஒருமுறையாவது நடக்கும்.) இவ்வகை மீட்புக்கு இலக்கணம் போல ஆகிவிட்டது, 1992-இல் வந்த ‘ஏரீஸ்’ ஆய்வுக் கட்டுரை. அதன் முதல் ஆசிரியர் சி. மோகன், சென்னை ஐஐடியில் படித்து ஐபிஎம்மில் பணியாற்றியவர்.

ரெப்ளிகாவும் இந்தக் குறிப்பேட்டை நம்பித்தான் ஓடுகிறது. முதன்மை சர்வர் எழுதும் குறிப்புகளை வாங்கி, அதே மாற்றங்களைத் தன்னிடமும் செய்துகொள்ளும். முதன்மையின் வட்டு பழுதானால் கைகொடுக்கும். ஆனால் யாரோ, எந்தப் பதிவுகள் என்று குறிக்கும் ‘வேர்’ (WHERE) போடாமல், அழிக்கும் கட்டளையான ‘டெலீட்’ (DELETE) ஓட்டிவிட்டால்? தரவுத்தளத்தின் கண்ணில் அதுவும் முறையான மாற்றமே. ரெப்ளிகா ஒரு கேள்வியும் கேட்காமல் அதே பதிவுகளை அழித்துவிட்டு நிற்கும்.

அதற்கு மருந்து வேறு. ஞாயிறன்று தரவுத்தளத்தை முழுசாக ஒரு நகல் எடுத்து, அதன்பின் பிறக்கும் டபிள்யூஏஎல் கோப்புகளை (ஒவ்வொன்றும் வழக்கமாக 16 எம்பி) வேறோர் இடத்தில் சேர்த்துக்கொண்டே வர வேண்டும். செவ்வாய் மதியம் 2:15-க்குத் தவறு நடந்ததென்றால், ஞாயிறு நகலை இறக்கி, குறிப்புகளை 2:14 வரை மட்டும் ஓட்டி நிறுத்தலாம். என்னைக் கேட்டால், தரவுத்தளத்தைப் பராமரிக்கும் ஒரு டிபிஏ வேலையில் சேர்ந்த முதல் வாரமே இதை ஒரு முறை செய்து பார்த்துவிட வேண்டும். செயலிக்கு எல்லா அதிகாரமும் உள்ள சூப்பர்யூசர் கணக்கைக் கொடுக்காமல் இருப்பது, பேக்கப் கோப்பையும் என்கிரிப்ட் செய்வது எல்லாம் அவசியம்தான். அவை தவறு நடக்கும் வாய்ப்பைக் குறைக்கும், நடந்த தவறைத் திருப்பாது.

2017 ஜனவரி 31 இரவு, மென்பொருள் திட்டங்களை இணையத்தில் வைத்துக்கொள்ள உதவும் கிட்லேப் நிறுவனத்தின் ரெப்ளிகா, சுமை ஏறியதில் பின்தங்கிவிட்டது. அதற்கு வேண்டிய டபிள்யூஏஎல் கோப்புகளை முதன்மை சர்வர் அதற்குள் நீக்கியிருந்தது. அவற்றைத் தனியே சேர்த்து வைக்கும் ஏற்பாடும் இல்லை. ரெப்ளிகாவைப் புதிதாகத்தான் கட்ட வேண்டும். அதற்கான கருவியோ ஒன்றும் சொல்லாமல் காத்துக்கிடந்தது. ஏற்கெனவே இருக்கும் டைரக்டரிதான் தடுக்கிறதோ என்று நினைத்த பொறியாளர் அதை அழித்தார். அழிந்தது முதன்மையின் டைரக்டரி. இரண்டு சர்வர்களின் பெயரிலும் ஓர் எண் மட்டும்தான் வேறு. ஓரிரு நொடியில் சுதாரித்து நிறுத்தியும், சுமார் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி.

பேக்கப்? டம்ப் (தரவுகளை மொத்தமாக ஒரு கோப்பில் இறக்கிய நகல்) எடுக்கும் கருவி 9.2 பதிப்பு, தரவுத்தளம் 9.6. பொருந்தாமல் பிழை காட்டி நின்றுகொண்டிருந்தது. அதை அறிவிக்கும் மின்னஞ்சல்கள் அனுப்புநர் உண்மையானவர்தானா என்று பார்க்கும் டிமார்க் சோதனையில் தேறாமல் நிராகரிக்கப்பட்டதால் யாருக்கும் தெரியவில்லை. பேக்கப் கோப்புகள் இருக்க வேண்டிய எஸ்3 என்ற இணையக் கிடங்கைத் திறந்தால் காலி. சோதனைச் சர்வருக்காக 6 மணி நேரம் முன்பு ஒருவர் தற்செயலாக, கையால் எடுத்திருந்த ஸ்னாப்ஷாட்தான் (அந்த நேரத்து வட்டின் நகல்) காப்பாற்றியது. அது இருந்ததோ மெதுவான வட்டு. நகலெடுக்கவே ஏறக்குறைய 18 மணி நேரம் பிடித்தது. இடையில் பதிவான சுமார் 5,000 திட்டங்கள், 5,000 கருத்துகள், 700 பயனர் கணக்குகள் போனது போனதுதான்.

மீட்ட பிறகு, தளத்தைத் திறக்கும் முன், புதிய பதிவுகளுக்குத் தரவுத்தளம் கொடுக்கும் எல்லா வரிசை எண்களையும் 1,00,000 முன்னே தள்ளி வைத்தார்கள். தொலைந்த அந்த 6 மணி நேரத்தில் ஒருவருக்குக் கொடுத்த எண், மறுநாள் வேறொருவருக்குப் போய்விடக் கூடாதே.