இருட்டு, இயர்போன், தனிமை: திகில் புதிர் விளையாட்டை எடைபோடுவது எப்படி

“அதுல ரத்தம் வருமா? வெட்டு குத்து உண்டா?”

பிள்ளை போனில் ஏதோ பேய் விளையாட்டு விளையாடுகிறான், ராத்திரி சரியாகத் தூங்குவதில்லை என்று எங்களிடம் ஆலோசனைக்கு வரும் பெற்றோர் முதலில் கேட்பது இதைத்தான். குளச்சலிலிருந்து வந்தாலும் மார்த்தாண்டத்திலிருந்து வந்தாலும் கேள்வி மாறுவதில்லை. உளவியல் திகில் என்ற வகைக்கு இந்தக் கேள்வியால் பயனில்லை. லிம்போ விளையாட்டில் திரை முழுக்கக் கறுப்பும் சாம்பலும்தான், ஒரு பொட்டுச் சிவப்பு கிடையாது. ஆனாலும் பத்து வயதுப் பிள்ளை ஒரு வாரத்துக்குக் கொல்லைப்பக்கம் தனியாகப் போக மறுக்க அது போதும். ரத்தம் இருக்கிறதா என்று பார்ப்பதைவிட, பயம் எந்த வழியாக உள்ளே வருகிறது, வந்த பிறகு பிள்ளையின் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று பார்க்க வேண்டும்.

பக்கவாட்டில் நடந்து, குதித்து, கயிற்றில் தொங்கி, பெட்டியை இழுத்துப்போட்டு ஏறி வழி கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பிளாட்ஃபார்மர் என்பார்கள். அதோடு புதிரும் திகிலும் சேர்ந்தது இந்த வகை. டென்மார்க்கின் பிளேடெட் நிறுவனம் 2010-இல் லிம்போவையும் 2016-இல் இன்சைடையும் வெளியிட்டது. ஸ்வீடனின் டார்சியர் ஸ்டுடியோஸ் உருவாக்கிய லிட்டில் நைட்மேர்ஸ் 2017-இலும் அதன் இரண்டாம் பாகம் 2021-இலும் வந்தன. எல்லாவற்றிலும் நாயகன் அல்லது நாயகி ஒரு சின்னப் பிள்ளை. வசனம் கிடையாது, ஏன் ஓடுகிறோம் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஒவ்வொன்றும் ஏறக்குறைய மூன்று முதல் ஆறு மணி நேரத்தில் முடிந்துவிடும். லிம்போவும் லிட்டில் நைட்மேர்ஸ் முதல் பாகமும் ஆண்ட்ராய்டு போனிலேயே ஓடுவதால் கம்ப்யூட்டர் இல்லாத வீட்டுக்குள்ளும் வந்துவிட்டன. தரத்தில் குறை சொல்ல ஒன்றுமில்லை. அசலான கலைப்படைப்புகள் இவை, வளர்ந்தவர்களுக்கு நாங்கள் தயங்காமல் சொல்வோம். அவ்வளவு திறமையாகச் செய்யப்பட்டிருப்பதால்தான் பிள்ளைகள் விஷயத்தில் கவனம் கூடுதலாக வேண்டும்.

இவற்றில் பயம் பெரும்பாலும் காது வழியாகத்தான் வருகிறது. இன்சைடுக்கு இசையமைத்த மார்ட்டின் ஸ்டீக் ஆண்டர்சன், ஒலிகளை உண்மையான மனித மண்டையோடு ஒன்றின் வழியாக அதிரச் செய்து பதிவு செய்தார். நம் குரல் நமக்குள்ளேயே எலும்பு வழியாகக் கேட்பது போன்ற ஓசை அதனால் கிடைக்கிறது. லிட்டில் நைட்மேர்ஸ் முதல் பாகத்தில் நீண்ட கைகளுள்ள காவல்காரன் ஒருவன் வருவான். அவனுக்குக் கண் தெரியாது, ஓசையை வைத்தே தேடுவான். மஞ்சள் மழைக்கோட்டுச் சிறுமி பலகைத் தரையில் ஓடினால் சத்தம் கேட்டு அந்தக் கை வந்துவிடும். குனிந்து, அடிமேல் அடி வைத்துத்தான் போக வேண்டும். விளையாடும் பிள்ளை என்ன செய்யும்? எதுவும் சரியாகக் கேட்கவில்லையே என்று ஒலியைக் கூட்டி, மூச்சையும் அடக்கிக்கொள்ளும். அடுத்த நொடி கை வந்து பிடிக்கும்போது அந்தச் சத்தம் கூட்டிவைத்த அளவில் காதுக்குள் வெடிக்கும். ஏற்கெனவே பயந்து இருட்டில் இருக்கிற உடல், அதே சத்தத்துக்கு வெளிச்சத்தில் திடுக்கிடுவதைவிட அதிகமாகத் திடுக்கிடும்.

அதனால் ஒலியை அமைதியான இடத்தில் வைத்து அளவு பார்க்காதீர்கள். முதல் துரத்தல் வரும் இடத்தில் நீங்களே கேட்டு அளவை வையுங்கள், அதற்குமேல் கூட்டக்கூடாது என்று சொல்லிவிடுங்கள். போனின் முழு ஒலியில் 60 சதவீதத்தைத் தாண்ட வேண்டாம். பிள்ளைகளுக்கு 75 டெசிபல் ஒலி வாரத்துக்கு 40 மணி நேரம் வரைதான் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. இதைவிட எளிய வழி, இயர்போனைக் கழற்றிவிட்டு ஸ்பீக்கரில் விளையாடச் சொல்வது. அடுக்களையில் மிக்ஸி ஓடும் சத்தமும் தகரக் கூரையில் விழும் மழையும் பாட்டி பார்க்கும் சீரியலும் உள்ளே நுழைந்துவிட்டால், பாதிப் பயம் அங்கேயே கரைந்துவிடும்.

பயமே கூடாது என்று நாங்கள் சொல்லவில்லை. நம் குமரி மாவட்டத்துப் பிள்ளைகள் பயம் அறியாதவர்களும் இல்லை. கோயில் கொடையில் நடு ராத்திரி வில்லுப்பாட்டில் கள்ளியங்காட்டு நீலி கதை வரும்போது உடுக்கையும் குடமும் ஏறி ஏறிப் போகும், மடியில் கிடக்கிற பிள்ளை அம்மாவின் சேலைக்குள் முகத்தைப் புதைக்கும். அங்கும் பயம் காது வழியாகத்தான் வருகிறது. ஆனால் சுற்றிலும் ஊரே உட்கார்ந்திருக்கிறது. பயந்தால் பிடித்துக்கொள்ள ஒரு கை உண்டு. கடைசியில் வாழி பாடிக் கதையை முடித்துவைப்பார்கள், பூசை நடக்கும், சாப்பாடும் உண்டு. போர்வைக்குள் இயர்போனோடு விளையாடுகிற பிள்ளைக்கு இதில் ஒன்றும் கிடைப்பதில்லை. போதாக்குறைக்கு, லிம்போ, இன்சைடு, லிட்டில் நைட்மேர்ஸ் மூன்றின் முடிவும் புதிராகவே நின்றுவிடும். ஏன், எதற்கு என்ற விடை தெரியாமல் அந்தப் பயம் படுக்கைக்கும் கூடவே வரும்.

இனி எடைபோடும் முறை. பிள்ளைக்குக் கொடுக்கும் முன் நீங்கள் 40 நிமிடம் விளையாடுங்கள், அதுவும் பிள்ளை விளையாடும் விதத்திலேயே, ராத்திரி, விளக்கணைத்து, இயர்போன் போட்டு. பக்கத்தில் ஒரு தாள் இருக்கட்டும். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை, எத்தனை தடவை செத்தீர்கள், மறுபடி தொடங்க எவ்வளவு நேரம் ஆனது, துரத்தல் முடிந்ததும் மூச்சுவிட அமைதியான அறை ஒன்று வருகிறதா என்று குறியுங்கள். அதற்குமேல் முக்கியம், துரத்துவது யார் என்பது. எட்டு வயதுக்குக் கீழே பிள்ளைகள் பெரும்பாலும் உருவத்தைப் பார்த்துப் பயப்படும். அதன்பின் ‘இது நடந்துவிடுமோ’ என்ற பயம் தலையெடுக்கும். லிட்டில் நைட்மேர்ஸ் இரண்டாம் பாகத்தில் பள்ளிக்கூடத்து டீச்சரின் கழுத்து பாம்புபோல நீண்டு அலமாரிக்குமேல் தேடும். திங்கட்கிழமை வகுப்புக்குப் போகிற பிள்ளைக்கு, எட்டுக்கால் சிலந்தியைவிட இந்த டீச்சர்தான் பாரம். கடைசிக் காட்சியையும் யூடியூபில் முன்கூட்டியே பார்த்துவிடுங்கள்.

சாவு இந்த விளையாட்டுகளில் பாடம். லிம்போவில் புல்லுக்குள் கிடக்கிற இரும்புப் பொறியை முதல் தடவை மிதித்துச் செத்துத்தான் கற்றுக்கொள்ள வேண்டியிருக்கும். அடுத்த தடவை எதை மாற்ற வேண்டும் என்று புரிகிறதென்றால் அந்தச் சாவில் தப்பில்லை. புரியாத சாவுதான் பிள்ளையை உடைக்கும், அதற்குக் காரணம் பெரும்பாலும் திறமைக் குறைவாக இருக்காது. லிட்டில் நைட்மேர்ஸில் திரைக்கு ஆழம் உண்டு. உத்தரத்தின் நடுவில் நடப்பதுபோலத் தெரியும், உண்மையில் ஓரத்தில் போய்க்கொண்டிருப்பார்கள், விழுந்துவிடுவார்கள். காலடி நிழலைப் பார்த்து நடக்கச் சொல்லுங்கள். தொடுதிரையில் கட்டைவிரல் வழுக்கினால் இப்படி ஓரம் போவது இன்னும் மோசமாகும், கன்ட்ரோலர் இணைப்பது நல்லது. விலை குறைந்த புளூடூத் இயர்பட்ஸில் ஒலி ஏறக்குறைய 0.2 நொடி பிந்திவரும். நொடிக்கு 60 பிரேம், அதாவது 60 படம், ஓடும் விளையாட்டில் அது 12 பிரேம். காலடிச் சத்தம் கேட்டு ஒளிவதற்குள் துரத்துகிறவன் பிடித்துவிடுவான், பிள்ளை தன்னையே குறை சொல்லிக்கொள்ளும். வயர் இயர்போனிலோ போன் ஸ்பீக்கரிலோ இந்தத் தொல்லை கிடையாது.

ஒரே இடத்தில் எட்டுப் பத்துத் தடவை செத்தால் நிறுத்திவிடுவது நல்லது. பயந்த மூளையில் புதிருக்கான இடம் சுருங்கிவிடும். பத்து நிமிடம் வெளியே நடந்து வந்தால் அதே புதிர் இரண்டு நிமிடத்தில் அவிழும்.

“அம்மா, இந்த எடத்த மட்டும் தாண்டிட்டு வாறேன்.”

“போதும் மக்ளே, வச்சிட்டு வா.”

இந்தச் சண்டை தேவையே இல்லை. இவ்வகை விளையாட்டுகள் தாமாகவே அடிக்கடி சேமித்துக்கொள்கின்றன. எங்கே நிறுத்தினாலும் பெரும்பாலும் ஓரிரு நிமிட ஆட்டம்தான் போகும். பெற்றோருக்கும் பிள்ளைக்கும் இது தெரிந்திருந்தாலே பாதிப் பிடிவாதம் குறையும்.

வயது எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. ப்ளே ஸ்டோரில் இருக்கும் 7+, 12+, 16+ போன்ற எண்கள், தயாரிப்பாளர் நிரப்பும் கேள்வித்தாளை வைத்து வருபவை. அதை மதிக்க வேண்டும், ஆனால் உங்கள் பிள்ளையை அதற்குத் தெரியாது. எங்கள் நிலை இது: 12 வயது வரை இந்த வகை வேண்டாம், திகில் இல்லாத புதிர் பிளாட்ஃபார்மர்கள் ஏராளம். 13 முதல் 15 வரை பகலில், ஸ்பீக்கரில், பெரியவர் ஒருவர் பக்கத்தில். 16-க்குமேல் தனியாக விளையாடலாம், படுக்கைக்கு ஒரு மணி நேரம் முன்பே முடித்துவிட வேண்டும். அண்மையில் துக்கம் நடந்த வீட்டில், அல்லது அப்பா கடலுக்கோ வெளிநாட்டுக்கோ போயிருக்கும் கவலை பிள்ளைக்கு இருக்கும்போது, எந்த வயதானாலும் தள்ளிப்போடுங்கள்.

வலிப்பு வந்திருக்கும் பிள்ளைகளுக்கு இன்னொரு எச்சரிக்கை. டார்ச் வெளிச்சம், டிவித் திரை, மின்னல் எல்லாம் இவ்வகையில் அடிக்கடி மினுங்கும். நொடிக்கு மூன்றுக்குமேல் பளிச்சிடுவது, வெளிச்சத்துக்கு வலிப்பு வரும் தன்மையுள்ளவர்களைத் தூண்டலாம். அறை விளக்கை எரியவிட்டு, திரையின் பிரைட்னஸைக் குறைத்து, தள்ளி உட்கார வேண்டும். தலைசுற்றலோ கண்ணில் ஏதோ மாற்றமோ வந்தால் ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மூடிக்கொண்டு திரையிலிருந்து திரும்பிவிட வேண்டும். இரண்டு கண்ணையும் இறுக மூடினால், மூடுகிற வேகத்தில் மினுக்கம் கூடவும் செய்யலாம்.

பயந்துவிட்ட பிள்ளைக்கு என்ன செய்வது? படுத்து ஒன்றிரண்டு மணி நேரத்தில் அலறி எழுந்து, யாரையும் அடையாளம் தெரியாமல் கத்தி, காலையில் ஒன்றும் நினைவில்லை என்றால் அது தூக்க அலறல். எழுப்ப வேண்டாம், விழாமல் பார்த்துக்கொண்டால் போதும். விடியப்போகும் நேரத்தில் விழித்து, கனவைச் சொல்ல முடிந்தால் அது கெட்ட கனவு. மாடன் அடித்துவிட்டான் என்று மந்திரித்துக் கயிறு கட்டினால் நாங்கள் மறுப்பதில்லை, வீடே தனக்காக நிற்கிறது என்ற தெம்பு பிள்ளைக்கு வரும். கூடவே இதையும் செய்யுங்கள். பகலில், சாப்பாட்டுக்குப் பிறகு, கனவைச் சொல்லச் சொல்லுங்கள். முடிவை மட்டும் பிள்ளையே மாற்றட்டும். நீளக் கைக்காரன் வந்தானா? அவன் மணிக்கட்டில் மாட்டு மணி ஒன்றைக் கட்டிவிடலாம். இனி அவன் எங்கே வந்தாலும் கிண்கிணென்று முன்கூட்டியே தெரிந்துவிடும். அதைப் படமாக வரைந்து ஃப்ரிட்ஜ் கதவில் ஒட்டட்டும். தினமும் பத்து நிமிடம், ஒன்றிரண்டு வாரம், அதே புது முடிவைச் சொல்லிப் பார்க்க வேண்டும். புது முடிவை நீங்கள் எடுத்துக்கொடுக்காதீர்கள், பிள்ளை சொந்தமாகக் கண்டுபிடிப்பதுதான் வேலை செய்யும்.

இரண்டு வாரமாகியும் தூக்கம் சரியாகவில்லை, பள்ளிக்குப் போக மறுக்கிறது, பகலிலும் தனியாக ஓர் அறையில் இருக்க முடியவில்லை என்றால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் காட்டுங்கள். நடு ராத்திரி என்றால் அரசின் மனநலத் தொலைபேசி உதவியான டெலி மானஸ் 14416. கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.